40 வயல், 47 மீடிறன்: வகுப்பாயிடை அட்டவணை எங்கே பிசகுகிறது?

முல்லைத்தீவுப் பக்கத்தில் தரம் 11 படிக்கும் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், 40 வயல்களில் ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் விளைந்தது என்ற எண்களைத் தந்து, கூட்டமாக்கிய மீடிறன் பரம்பல் அமைக்கச் சொன்னார்கள். நான் 10–15, 15–20, 20–25, 25–30, 30–35 என்று பிரித்தேன். மீடிறன்களைக் கூட்டினால் 47 வருகிறது. மூன்று தரம் எண்ணிவிட்டேன், மூன்று தரமும் 47 தான். எங்கே பிழை? வகுப்பு எத்தனை வைக்க வேண்டும், எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?"

பிள்ளை, எண்ணியதில் உங்களுக்குப் பிழை வரவில்லை. மூன்று தரமும் ஒரே விடை வந்ததே அதற்குச் சாட்சி. நீங்கள் போட்ட வகுப்புகளில்தான் பிழை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய எண்கள் இவை. பயிற்சிக்காக எழுதப்பட்டவை, எந்தக் குளத்தின் பதிவும் இல்லை என்றாலும் நன்றாக யோசித்து எழுதப்பட்ட எண்கள். எங்கள் பக்கத்து வயலின் குணம் அவற்றில் இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

26, 15, 31, 17, 28, 12, 24, 30, 16, 27
19, 33, 25, 16, 22, 29, 14, 27, 32, 17
28, 11, 26, 20, 34, 15, 24, 31, 18, 25
13, 30, 17, 27, 23, 16, 32, 26, 21, 28

முதல் நிரையில் இரண்டாவதாக நிற்கும் 15 ஐப் பாருங்கள். அது உங்கள் அட்டவணையில் எங்கே போகும்? 10–15 இலும் போகும், 15–20 இலும் போகும். நீங்கள் இரண்டிலும் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தரவில் 15 இரண்டு தரம் வருகிறது, 20 ஒரு தரம், 25 இரண்டு தரம், 30 இரண்டு தரம். மொத்தம் ஏழு. 40 உடன் 7 ஐக் கூட்டினால் 47. உங்கள் மீடிறன் நிரல், அதாவது ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை எண் விழுந்தது என்ற நிரல், 6, 11, 8, 14, 8 என்று இருக்க வேண்டும், சரிதானே?

ஒரு வயலின் விளைச்சலுக்கு அட்டவணையில் ஒரே ஒரு வீடுதான் இருக்க வேண்டும். இரண்டு வீடு இருந்தாலும் பிழை, வீடே இல்லாமல் போனாலும் பிழை. வகுப்பாயிடை பற்றிச் சொல்லப்படும் விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் எண்கள் முழு எண்கள் என்பதால் வழி இலகு. 10–14, 15–19, 20–24, 25–29, 30–34 என்று எழுதுங்கள். 14 க்கும் 15 க்கும் இடையில் விழ எந்த எண்ணும் இல்லை. 15 க்கு இப்போது ஒரு வீடுதான்.

வழிகாட்டிப் புத்தகத்தில் 10–15, 15–20 என்று இருந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் அப்படி எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி எழுதுவது தவறில்லை. நிறை, உயரம், நேரம் போன்ற தொடர்ச்சியான அளவுகளுக்கு அப்படித்தான் எழுத வேண்டியும் வரும். ஆனால் அந்த அட்டவணைகளின் கீழே அல்லது மேலே ஒரு வரி இருக்கும்: "10–15 என்பது 10 அல்லது அதற்குக் கூடிய, 15 இலும் குறைந்த பெறுமானங்களைக் குறிக்கும்." சில வினாத்தாள்களில் இது மறுபக்கமாகவும் வரும், அதாவது மேல் எல்லை உள்ளே, கீழ் எல்லை வெளியே. எது என்று தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான். அட்டவணையைப் பார்த்து எழுதும்போது எங்கள் பிள்ளைகள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நீங்களாகவே அட்டவணை அமைக்கும்போது அந்த வரியை நீங்களே எழுத வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி, யார் முடிவு செய்வது என்பது. நீங்கள்தான், பிள்ளை. வகுப்பளவை, அதாவது ஒரு வகுப்பின் அகலத்தை, வினா தந்தால் அதன்படி செய்யுங்கள், அங்கே வாதம் வேண்டாம். தராவிட்டால் முடிவு உங்களுடையது. அட்டவணை எண்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, அதைத் தேடி எடுப்பதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே 40 எண்ணிலிருந்து பத்து விதமான சரியான அட்டவணை செய்யலாம். அவற்றில் எது அந்த வயல்களைப் பற்றி உண்மையைச் சொல்கிறது என்பதைப் பார்ப்பதுதான் வேலை.

முதலில் வீச்சு. மிகப் பெரியது 34, மிகச் சிறியது 11, வித்தியாசம் 23. வகுப்பளவு 5 என்றால் 23 ஐ 5 ஆல் வகுத்து 4.6, ஆகவே 5 வகுப்பு. வகுப்பளவு 10 என்றால் 3 வகுப்பு. 2 என்றால் 12 வகுப்பு. எத்தனை வகுப்பு நல்லது என்பதற்கு ஸ்ரேர்ஜஸ் என்பவர் 1926 இல் ஒரு சூத்திரம் தந்தார்: தரவின் எண்ணிக்கையின் மடக்கையை (அடி 10) 3.322 ஆல் பெருக்கி 1 ஐக் கூட்டுங்கள். 40 க்கு மடக்கை 1.602. விடை ஏறக்குறைய 6.3. எண்ணிக்கையின் வர்க்கமூலம் எடுக்கும் வழியும் உண்டு. 40 இன் வர்க்கமூலமும் 6.3 க்குக் கிட்டத்தான் வருகிறது. ஆகவே 5, 6, 7 வகுப்பு என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்ரேர்ஜஸ் சூத்திரத்துக்குள் ஓர் எடுகோள் இருக்கிறது. தரவு நடுவில் ஒரே ஒரு முகட்டோடு, இரு பக்கமும் சீராகச் சரிந்து போகும் என்று அது எதிர்பார்க்கிறது. உங்கள் தரவு அப்படி இல்லை. அதைக் கண்ணால் பார்ப்போம்.

வகுப்பளவு 10:

10–19 : 14
20–29 : 18
30–39 : 8

இதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? நடுவில் கூட்டம், ஓரங்களில் குறைவு. பெரும்பாலான வயல்கள் இருபது சொச்சம் மூடை விளைந்திருக்கின்றன, சில மோசம், சில திறம். எந்த ஊரிலும் நடக்கிற கதை.

இப்போது வகுப்பளவு 5:

10–14 : 4
15–19 : 10
20–24 : 6
25–29 : 12
30–34 : 8

எண்கள் அதே எண்கள்தான். ஆனால் 15–19 இல் ஒரு முகடு எழும்பி, 20–24 இல் இறங்கி, 25–29 இல் மறுபடியும் எழும்புகிறது. முதல் அட்டவணை நடுவில் கூட்டம் என்று சொன்ன இடத்தில் உண்மையில் ஒரு பள்ளம் இருக்கிறது. வகுப்பளவு 10 அந்தப் பள்ளத்தை 25–29 ஓடு சேர்த்து மூடிவிட்டது.

வகுப்பளவு 2 எடுத்தால், 11–12 இல் தொடங்கி 33–34 வரை மீடிறன்கள் இப்படி வரும்: 2, 2, 5, 4, 2, 2, 3, 5, 6, 3, 4, 2. இரண்டு முகடும் தெரிகின்றன. ஆனால் 29–30 இல் 3, 31–32 இல் 4 என்று ஓரத்தில் ஒரு சின்ன மேடும் தெரிகிறது. அதை நம்பலாமா? ஒரேயொரு வயல் இடம் மாறினால் அந்த மேடு காணாமல் போய்விடும். வகுப்பு மிகச் சிறிதானால் தற்செயலாக வந்த ஏற்ற இறக்கமும் செய்தி போலத் தோன்றும். மிகப் பெரிதானால் உண்மையான செய்தியே மறைந்துவிடும்.

அப்படியானால் 5 இல் தெரிந்த இரண்டு முகடும் தற்செயலாக இருக்காதா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் கவலைப்படுவேன். அதைச் சோதிக்க ஒரு நல்ல வழி, தொடக்கத்தையும் அளவையும் மாற்றிப் பார்ப்பது. 11 இல் தொடங்கி வகுப்பளவு 4 எடுத்தால் 11–14, 15–18, 19–22, 23–26, 27–30, 31–34. மீடிறன்கள் 4, 9, 4, 8, 9, 6. பள்ளம் அப்படியே இருக்கிறது. 8 இல் தொடங்கி வகுப்பளவு 5 எடுத்தால் 8–12, 13–17, 18–22, 23–27, 28–32, 33–37. மீடிறன்கள் 2, 10, 5, 11, 10, 2. இங்கேயும் பள்ளம் போகவில்லை. வகுப்புகளை எப்படி நகர்த்தினாலும் நிற்கிற வடிவம் தரவினுடையது. நகர்த்தியதும் மறைகிற வடிவம் அட்டவணையினுடையது. வினாத்தாளில் இதற்குப் புள்ளி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தரமாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டு முகடு எதனால் வருகிறது? எண்கள் பயிற்சிக்குரியவை என்பதால் காரணத்தை எண்ணுக்குள் தேட முடியாது. ஆனால் வன்னியில் கமம் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது புதிசும் இல்லை. சிறுபோகத்தில் குளத்து நீரை நம்பித்தான் விதைப்பு. துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, கிட்ட இருக்கும் வயலுக்கு நேரத்துக்குத் தண்ணீர் கிடைக்கும். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர் இரவிரவாகக் காவல் இருந்தும் கதிர் பறியும் நேரத்தில் தண்ணீர் எட்டாமல் தவிப்பார். காலபோகத்தில் வேறு விதமான பிரிவு வரும். குளத்துப் பாசனக் காணி ஒரு பக்கம், மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் காணி ஒரு பக்கம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், எந்தக் குளத்தின் கீழும் இந்த வேறுபாட்டைக் கமக்காரர் சொல்லுவார்கள். இரு விதமான வயல்களை ஒரே பட்டியலில் கலந்து எழுதினால் அட்டவணையில் இரண்டு முகடு எழும்ப இடமிருக்கிறது. இரண்டு முகடு கண்டால் "இங்கே இரண்டு கூட்டம் கலந்திருக்கிறதோ?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகத்தான் நாங்கள் கூட்டமாக்குகிறோம்.

இனி வரவுக்குறி, அதாவது எண்ணுவதற்காகப் போடும் கோடுகள். இங்கே பலர் வீணாக நேரத்தைப் போக்குகிறார்கள். "10–14 இல் எத்தனை?" என்று 40 எண்ணையும் ஒரு தரம் தேடி, பிறகு "15–19 இல் எத்தனை?" என்று இன்னொரு தரம் தேடுகிறார்கள். ஐந்து வகுப்புக்கு ஐந்து தரம், ஆக 200 தரம் பார்வை ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்று தவறலாம். எண்களை வந்த ஒழுங்கிலேயே ஒரே தரம் வாசியுங்கள். 26 என்றால் 25–29 இல் ஒரு கோடு, தாளில் உள்ள 26 ஐப் பென்சிலால் மெதுவாக வெட்டுங்கள். 15 என்றால் 15–19 இல் ஒரு கோடு, 15 ஐ வெட்டுங்கள். நான்கு கோட்டுக்குப் பிறகு ஐந்தாவதைக் குறுக்கே போடுங்கள். ஒரு நிரை முடிந்ததும் நின்று, இதுவரை போட்ட கோடுகள் 10 தானா என்று பாருங்கள். முதல் நிரைக்கு 10–14 இல் 1, 15–19 இல் 3, 20–24 இல் 1, 25–29 இல் 3, 30–34 இல் 2 வரும். கூட்டினால் 10. நான்கு நிரைக்கும் இப்படிச் செய்தால் கடைசியில் 39 வந்து அழ வேண்டியதில்லை.

எல்லைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 10–14 என்ற வகுப்பு உண்மையில் எங்கே தொடங்குகிறது? இது அந்த எண் எப்படி எழுதப்பட்டது என்பதில் தங்கியிருக்கிறது. விளைச்சலைக் கிட்டிய முழு மூடைக்கு மட்டந்தட்டி எழுதியிருந்தால், 14 என்பது 13.5 இலிருந்து 14.5 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆகவே 10–14 இன் வகுப்பு வரைப்புகள் 9.5 உம் 14.5 உம், நடுப்பெறுமானம் 12. வலையுருவரையம் (மீடிறன்களைச் சலாகைகளாகக் காட்டும் படம்) வரையும்போது சலாகைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும் என்பார்களே, அவை ஒட்டுவது இந்த 14.5 இல், 19.5 இல்தான்.

இதே 10–14 வயது என்றால் கதை வேறு. வயதை நாங்கள் மட்டந்தட்டுவதில்லை, பூர்த்தியான வருடத்தைத்தான் சொல்கிறோம். 14 வயதும் 11 மாதமும் ஆன பிள்ளை 14 என்றுதான் சொல்லும். ஆகவே 10–14 வயது வகுப்பு 10 இலிருந்து 15 வரை நீளுகிறது, நடுப்பெறுமானம் 12.5. குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் 0–4, 5–9, 10–14 என்று வயதை ஐந்தைந்து வருடமாகப் பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1981 க்குப் பிறகு வடக்கு முழுவதையும் உள்ளடக்கி எடுத்த முதல் மதிப்பீடு 2012 இலேதான் நடந்தது. எங்கள் மாவட்டங்களின் வயதுப் பரம்பலை அதில் தேடி வாசிக்கும்போது, 10–14 இன் நடுவை 12 என்று எடுத்தால் சராசரி வயது அரை வருடம் குறைந்துவிடும். எழுதியிருப்பது ஒரே 10–14 தான், ஆனால் விளைச்சலில் அதன் நடு ஒன்று, வயதில் அதன் நடு இன்னொன்று. ஆகவே அட்டவணைக்குப் போகுமுன் "இந்த எண்ணை யார், எப்படி எழுதினார்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. கமக்காரரிடம் வாய்மொழியாகக் கேட்டால் "ஒரு இருபது வரும்", "இருபத்தைஞ்சு பாத்தால் போதும்" என்றுதான் பதில் வரும். 20, 25, 30 இல் எண்கள் குவியும். வயது கேட்டாலும் அப்படித்தான், 40, 45, 50 இல் குவியும். அப்படிக் குவிந்த தரவுக்கு 20–24, 25–29 என்று வகுப்பு வைத்தால் குவியல் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் நிற்கும். நீங்களோ நடுப்பெறுமானமாக 22 ஐயும் 27 ஐயும் எடுப்பீர்கள். சராசரி இல்லாத ஏற்றம் ஏறிவிடும். அந்த இடத்தில் 18–22, 23–27, 28–32 என்று வைத்தால் 20, 25, 30 நடுவில் வந்து நிற்கும். உங்கள் தரவில் அந்தச் சிக்கல் இருக்கிறதா? 5 இன் மடங்குகளை எண்ணுங்கள். 15, 15, 20, 25, 25, 30, 30. ஏழு. குவியல் இல்லாத தரவில் ஐந்தில் ஒன்று, அதாவது 40 க்கு ஏறக்குறைய 8, எதிர்பார்க்கலாம். ஆகவே இங்கே குவியல் இல்லை. நீங்கள் இரண்டு தரம் எண்ணிய அதே ஏழு எண்தான் இங்கே உங்களுக்குச் சாட்சி சொல்கிறது. 10 இல் தாராளமாகத் தொடங்கலாம்.

கூட்டமாக்கும்போது ஒன்றை இழக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. 25–29 இல் 12 வயல் என்று எழுதிய கணத்திலிருந்து அவை 25 ஆ, 29 ஆ என்று எங்களுக்குத் தெரியாது. இழப்பு எவ்வளவு என்று பார்ப்போம். 40 எண்ணையும் நேரடியாகக் கூட்டினால் 925, இடை (சராசரி) 23.125. அட்டவணையிலிருந்து நடுப்பெறுமானங்கள் 12, 17, 22, 27, 32. மீடிறனால் பெருக்க 48, 170, 132, 324, 256. கூட்டினால் 930, இடை 23.25. வித்தியாசம் எட்டில் ஒரு மூடை. ஏன் இவ்வளவு குறைவு? 10–14 இன் உண்மைக் கூட்டுத்தொகை 50, நாங்கள் 48 எடுத்தோம். 15–19 இல் உண்மை 166, நாங்கள் எடுத்தது 170. ஓரிடத்தில் குறைந்தது, இன்னோரிடத்தில் கூடியது. ஒன்றையொன்று ஈடுசெய்து கடைசியில் 5 மூடைதான் மிஞ்சியது.

இதே இடையை இன்னொரு வழியிலும் கணிக்கலாம். எடுகொண்ட இடை (ஊகித்து எடுக்கும் இடை) 22 என்று வைத்தால் அதிலிருந்து நடுப்பெறுமானங்களின் விலகல்கள் −10, −5, 0, 5, 10. மீடிறனால் பெருக்கிக் கூட்ட −40, −50, 0, 60, 80, மொத்தம் 50. 40 ஆல் வகுக்க 1.25. 22 உடன் கூட்ட 23.25. இந்த முறையில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. 1990 களில் வன்னிக்கு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் மின்கலமும் வராது. கணிப்பான் இருந்தவருக்கும் அது அலுமாரிப் பொருள்தான். குப்பி விளக்கு வெளிச்சத்தில் 324 ஐயும் 256 ஐயும் கூட்டித் தவறுவதை விட, 60 ஐயும் 80 ஐயும் கூட்டுவது பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். இப்போது தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கிறது. என்றாலும் விலகல் நிரலைப் பார்த்தாலே இடை 22 க்கு மேலா, கீழா என்று தெரிந்துவிடும். கணிப்பான் தருகிற விடையில் அந்தத் தெளிவு கிடைக்காது.

இடையத்துக்கு, அதாவது ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் பெறுமானத்துக்கு, திரள் மீடிறன் நிரல் (மீடிறன்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் நிரல்) போடுங்கள்: 4, 14, 20, 32, 40. 40 இன் அரைவாசி 20, அது சரியாக 20–24 முடியும் இடத்தில், 24.5 இல் வருகிறது. எண்களை ஏறுவரிசையில் வைத்தால் 20 ஆவது 24, 21 ஆவது 25, நடு 24.5. இங்கே இரண்டும் அப்படியே பொருந்தியது அதிர்ஷ்டம். வழக்கமாகச் சிறு வித்தியாசம் இருக்கும். ஆகார வகுப்பு, அதாவது மீடிறன் மிகக் கூடிய வகுப்பு, 25–29.

ஆனால் பாருங்கள். இடை 23 மூடை என்று கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். உங்கள் பட்டியலில் 22, 23, 24 மூடை விளைந்த வயல்கள் எத்தனை? நான்கே நான்கு. வகுப்பளவு 10 இலும் இடை 23.0 தான் வருகிறது, 5 இல் 23.25, நேரடியாக 23.125. எந்த அட்டவணை செய்தாலும் இடை அசையவில்லை. இரண்டு முகட்டையும் அது சொல்லவே இல்லை. கடைசி வாய்க்காலில் 15 மூடையோடு நிற்பவருக்கு 23 என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை. இடையை மட்டும் கேட்கிற வினாவுக்கும் முதலில் அட்டவணையை நிதானமாகப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எல்லா வகுப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். விளைச்சல் போன்ற தரவுக்கு ஆம். மழைக்கு அது சரிவராது. எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைதான். நாள்வாரி மழையை ஒரு வருடத்துக்கு எழுதினால் பெரும்பாலான நாள்களுக்கு 0. பத்துப் பத்து மில்லிமீற்றராகப் பிரித்தால் முதல் வகுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கடைசி வகுப்புகளில் ஒவ்வொரு நாள் தனித்து நிற்கும். அங்கே மழையில்லாத நாள்களை வேறாக எழுதிவிட்டு, 0–10, 10–25, 25–50, 50–100, 100 க்கு மேல் என்று விரித்துக்கொண்டு போவது நல்லது. அப்படிச் செய்தால் வலையுருவரையத்தில் கவனம் தேவை. மீடிறனைக் காட்டுவது சலாகையின் பரப்பளவு. 25–50 வகுப்பின் அகலம் 25, 0–10 இன் அகலம் 10. அகலம் இரண்டரை மடங்கு என்றால் உயரத்தை மீடிறனின் இரண்டரையில் ஒரு பங்காக்க வேண்டும். இதைச் செய்யாமல் உயரத்தை அப்படியே கீறினால் பெருமழை நாள்கள் உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். 100 க்கு மேல் என்ற திறந்த வகுப்புக்கு நடுப்பெறுமானம் கிடையாது, ஆகவே இடையைக் கண்ணை மூடிக்கொண்டு கணிக்க முடியாது. இடையம் கணிக்கலாம்.

உங்கள் விடைத்தாளுக்கு 10–14 இல் தொடங்கும் ஐந்து வகுப்பு அட்டவணையையே எழுதுங்கள். வகுப்பாயிடை, வரவுக்குறி, மீடிறன் என்று மூன்று நிரல், கீழே கூட்டுத்தொகை 40. "வகுப்பளவு 5, விளைச்சல் கிட்டிய மூடைக்கு" என்று மேலே ஒரு வரி சேருங்கள். அதன் கீழே வலையுருவரையத்தைக் கீறி, பள்ளம் இருக்கும் 20–24 ஐப் பற்றி இரண்டு வசனம் எழுதுங்கள்.

பிறகு, நேரம் இருந்தால், வருகிற அறுவடையில் உங்கள் அப்பாவோடு போய் உண்மையான எண்களைச் சேருங்கள். வெட்டு முடிந்த கையோடு மூடையை எண்ணும்போதே எழுதுங்கள், பிறகு நினைவில் கேட்காதீர்கள். மூடையின் நிறை ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆகவே முடிந்தால் கிலோவாகவே எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொரு நிரல் விட்டு, அந்த வயல் துருசுப் பக்கமா, வாய்க்காலின் நடுவா, கடைசியா என்று ஓர் எழுத்துப் போடுங்கள். அந்த எழுத்து இருந்தால் 15–19 முகட்டில் நிற்கும் வயல்களில் எத்தனை கடைசி வாய்க்காலைச் சேர்ந்தவை என்று ஒரு நிமிடத்தில் எண்ணிச் சொல்லலாம்.